அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்

மே 25, ஞாயிறு

கோர்ட்டில் கவுன்சலிங் செய்கிற அம்மா சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. "கோவம் வரும்போது வாயத் தொறக்காதீங்க தணிகாசலம். ஒரு டைரி எடுத்து எழுதுங்க." நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா என்று விட்டுவிட்டேன். கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மாக் கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். எழுதாவிட்டால் எதையாவது உடைப்பேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு. குரோம்பேட்டையில், என்னை விட்டுப் போன பெண்டாட்டி இந்துமதியின் அக்கா வீட்டு ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், வேலை கேட்டு வந்தவன் மாதிரி உட்கார்ந்து என் மகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோர்ட்டு ஆர்டரில் என்னவோ 'தகப்பன் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்' என்றுதான் இருக்கிறது. ஆதிரைதான் வரமாட்டேன் என்கிறாள். ஒன்பது வயது.

"ஒரு நாள் அப்பா வீட்டுக்கு வாயேன்டா" என்றேன்.

"அங்க என்னப்பா இருக்கு? செவுருதான இருக்கு."

"நான் இருக்கேன்ல?"

"நீ எங்க இருப்ப?"

சமையலறையில் அக்காக்காரி சிரித்தது காதில் விழுந்தது. குழந்தைக்கு இதெல்லாம் தானாகவா வரும்? எல்லாம் சொல்லிக் கொடுத்த பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு என்ன இருந்தால் வருவாய் என்று கேட்டேன். காலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். "நாய் இருந்தா வர்றேன்" என்றாள்.

சரி, நாய்தானே. வாங்கிக் காட்டுகிறேன்.

மே 28, புதன்

நாய் வாங்கப்போகிறேன் என்று ஒர்க்‌ஷாப்பில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு நாய் டாக்டர். ஒருத்தன் லாப்ரடார் என்கிறான். ஒருத்தன், பனியில் இருக்கவேண்டிய சடைநாயை வாங்கி ஏசி போட்டு வளர்க்கச் சொல்கிறான். அயனாவரத்தில், மூன்றாவது மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீட்டில்! குட்டியாக வாங்கு, பழகிக்கொள்ளும் என்றான் இன்னொருவன். குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை சோறு வைக்கவேண்டுமாம். யார் வைப்பது, இவன் அப்பனா?

நான் லிஃப்ட் பிரேக்டவுன் மெக்கானிக். பெரம்பூரிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை எங்கே லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டாலும் முதல் போன் எனக்குத்தான். காலை எட்டுக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு. வந்தபிறகும் கூப்பிடுவார்கள். அதற்கு ஏற்ற நாய் வேண்டும். வளர்ந்ததாக, சத்தம் போடாததாக, தன் பாட்டுக்குக் கிடப்பதாக.

ஜூன் 1, ஞாயிறு

மாதவரம் தாண்டி ஒரு நாய்க் காப்பகம். ரெஜினா என்று ஒரு அம்மா நடத்துகிறார். நாய் எடுக்கப் போனால் நம்மைத்தான் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். சொந்த வீடா, எத்தனை பேர், கோபம் வருமா. கோபம் வருமா என்று கேட்டால் கோபம் வராதா?

எல்லா நாயும் கம்பியில் ஏறிக் குதித்துக் கத்தின. ஒன்று மட்டும் மூலையில் சாக்கின்மேல் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, மார்பில் கொஞ்சம் வெள்ளை, நாட்டு நாய், பெட்டை. இரண்டு மூன்று வயது இருக்கும். "இது போதும்மா. சத்தமே போடல பாருங்க" என்றேன்.

அந்த அம்மா முகம் மாறியது. "சத்தம் போட்டுப் போட்டு ஓஞ்சுபோன நாய் சார் அது. வீட்டக் காலி பண்ணிட்டுப் போனவங்க உள்ள வெச்சுப் பூட்டிட்டே போயிட்டாங்க. நாலு நாள் கழிச்சு வீட்டு ஓனர் வந்துதான் தொறந்திருக்காரு. இத ரொம்ப நேரம் தனியா விடக்கூடாது. வேற எடுத்துக்கோங்க."

வேற எல்லாம் கத்துகின்றனவே! இதுதான் வேண்டும் என்று நின்றேன். ஃபாரத்தில், 'நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்?' என்று ஒரு கட்டம். நாலு என்று எழுதினேன். வேலைக்குப் போகிறவன் என்ன எழுதுவான்? முப்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்து பார்ப்பேன், சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று அந்த அம்மா கையெழுத்து வாங்கிக்கொண்டார். வரட்டும்.

ஜூன் 2, திங்கள்

லீவு. நாய் மூன்று மாடி ஏற மாட்டேன் என்று முதல் படியில் உட்கார்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஏறினேன். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுகிறவன் வீட்டில் லிஃப்ட் இல்லை. தயிர் சாதம் தொடவில்லை. கோழிக் கழுத்து வேகவைத்துச் சோற்றில் பிசைந்தேன், தின்றது. கக்கூஸுக்குப் போனாலும் பின்னாலேயே வந்து வாசலில் உட்காருகிறது. தொல்லை.

ஜூன் 4, புதன்

பதினொரு மணி நேரம் கழித்து வந்தேன். ஹாலில் இரண்டு இடத்தில் மூத்திரம், ஒரு இடத்தில் மற்றது. என் செருப்பு ஒன்று நார் நாராகக் கிடந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்திருந்தது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து தெரு முழுக்கச் சுற்றிக் கூட்டிவந்தேனே, அப்போது போவதற்கென்ன! கத்தினேன். கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அரை மணி நேரம் துடைத்தேன்.

எதிர்வீட்டு ஃபர்ஹானா கதவைத் திறந்து நின்றாள். அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளை இரவெல்லாம் டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. பகலில்தான் தூக்கம்.

"சார், காலைலேர்ந்து அழுவுது சார்."

"நாய்னா கொலைக்கத்தாம்மா செய்யும்."

"கொலைக்கல சார். அழுவுது."

கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆதிரை வந்தாள்! பத்து மணிக்கு இந்துமதி கீழே ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டுவிட்டு, மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். மேலே வந்ததும் நாயைத் தேடினாள். தரையோடு தரையாகப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவும் பார்த்தது. பிறகு தானாக வெளியே வந்து அவள் கையை மோந்தது.

"வாலு பாருப்பா, கொழம்புக் கரண்டி மாதிரி வளஞ்சிருக்கு." பெயர் கரண்டி என்று முடிவாகிவிட்டது. நாய்க்கு வைக்கிற பெயரா இது? இருந்தாலும் கூப்பிட்டதும் வாலை ஆட்டியது.

பன்னிரண்டு மணிக்கு போன். ஓட்டேரியில் ஒரு ஐந்து மாடிக் கட்டிடம், உள்ளே கர்ப்பிணிப் பெண். போகாமல் இருக்கமுடியுமா? "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்டா" என்று சொல்லி, பாதுகாப்புக்காக வெளியே பூட்டிவிட்டுப் போனேன். அங்கே பிரேக் சிக்கல். இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதெல்லாம் இந்துமதிக்கு எங்கே தெரியப்போகிறது? நான் வரும்போது பூட்டின கதவுக்கு முன்னால் நிற்கிறாள். ஃபர்ஹானா பக்கத்தில். உள்ளேயிருந்து ஆதிரை கதவுச் சந்து வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்துமதி கத்தவில்லை. கத்தினாலாவது திருப்பிக் கத்தலாம். "இருவத்தி ரெண்டாம் தேதி கூட்டிட்டு வர்றேன். நாய்க்காகக் கேக்கறா, அதனால. இன்னொரு தடவ எம்பொண்ண உள்ள வெச்சுப் பூட்டுன, அப்புறம் கோர்ட்டுல பாத்துக்கலாம்." என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

எம்பொண்ணாம். என் பெண் இல்லையா அவள்?

ஜூன் 9, திங்கள்

நேற்று இந்துமதி சொன்னதை நினைத்து நினைத்து இன்று வேலையில் ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டேன். எழுதித் தொலைக்கிறேன்.

அவள் பிரிந்துபோனது ஒரு லிஃப்டுக்காக. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கெல்லீஸ் பக்கம் ஸ்ரீநிகேதன் குடியிருப்பில் நாலாவது மாடியில் இருந்தோம். இரும்புக் கேட்டை இழுத்து மூடுகிற பழைய காலத்து லிஃப்ட். இரண்டு வருடம் முன்பு, மார்ச் மாதம், ஒரு ஞாயிறு. ஆதிரைக்கு ஏழு வயது. பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். காலையிலேயே வேலை வந்துவிட்டது. இந்துமதி போன் மேல் போன். ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத்தான் சொன்னேன், இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் என்று. சாயங்காலம் நாலரைக்கு ஒரு போன். ஆதிரை லிஃப்டில் மாட்டிக்கொண்டாள், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

பன்னிரண்டு நிமிடத்தில் போனேன். புரசைவாக்கம் சிக்னலையும் தாண்டிப் பன்னிரண்டு நிமிடம்! இன்றுவரை அதுதான் என் ரெக்கார்டு. மேலே மெஷின் ரூமுக்குப் போய், மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கி, அவளை வெளியே எடுத்தேன். குழந்தை அழக்கூட இல்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

பத்து நிமிடத்தில் அண்ணா நகரிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டிருந்தார். போனேன். அந்த வாரமே இந்துமதி பெட்டியைக் கட்டிவிட்டாள். காப்பாற்றினவனை விட்டுவிட்டுப் போன ஒரே பெண்டாட்டி இவளாகத்தான் இருக்கும்.

இதில் இன்னொரு எரிச்சல். அந்த லிஃப்ட் ஏன் நின்றது என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கான்டாக்ட் இருக்கும், சின்ன ஸ்விட்ச்தான். கேட் திறந்தால் லிஃப்ட் அங்கேயே நிற்கும். மூடினால் ஓடும். அதைத்தான் சந்தேகப்பட்டேன். மறுநாள் போய் நாற்பது தடவை திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எதையாவது எழுதவேண்டுமே. புது கான்டாக்ட் போட்டு, ரிஜிஸ்டரில் 'கேட் கான்டாக்ட் பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருட சர்வீஸில் காரணம் தெரியாமல் எழுதின ஒரே ரிப்போர்ட் அது.

ஜூன் 12, வியாழன்

கரண்டி பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்கவேண்டும், முட்டாள்.

எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆள் மாட்டிக்கொண்டால் நேராக மெஷின் ரூமுக்கு ஓடாதே. அவர் இருக்கிற இடத்துக்குப் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசு. 'வந்துட்டேன், அஞ்சு நிமிஷம்' என்று சொல். அரை மணி ஆகும் என்று தெரிந்தாலும் அஞ்சு நிமிஷம் என்றே சொல். குரல் கேட்டுவிட்டால் உள்ளே இருப்பவருக்குப் பாதி பயம் போய்விடும்.

ஒரு சின்ன கேமரா வாங்கி ஹாலில் மாட்டினேன். போனில் நாயைப் பார்க்கலாம். பேசினால் அதற்குக் கேட்கும்.

ஜூன் 13, வெள்ளி

"கரண்டி, அப்பா வந்துட்டேன், அஞ்சு நிமிஷம்" என்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டது. ஆறு தடவை பேசினேன். வெற்றி.

ஜூன் 16, திங்கள்

ஃபர்ஹானாவோடு படிக்கட்டில் சண்டை. கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள்.

"சார், அந்தக் கேமராவ எடுத்துருங்க. நீங்க பேசப் பேசத்தான் சார் அது ஜாஸ்தியாக் கத்துது."

"ஏம்மா, நான் பேசினா அது ஏன் கத்தப்போவுது? நாளெல்லாம் போன்ல பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்க பாக்கறது ரெண்டு நிமிஷம் சார். நான் எதிர் வீட்ல இருந்து நாள் முழுக்கக் கேக்கறேன்."

"அப்ப காதுல பஞ்சு வெச்சுக்கோ."

சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். வாடகை கொடுக்கிறேன், என் வீட்டில் என் நாயோடு நான் பேசுவதற்கு இவளிடம் அனுமதி வாங்கவேண்டுமா?

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் அழுததாம். வேண்டுமென்றே சொல்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். எழுத்து இப்படித்தான் வரும்.

காலை பதினொரு மணிக்குப் பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபம். நிச்சயதார்த்தம். சீர்த் தட்டோடு ஏழு பெண்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே ஒரு அம்மா சாமியைக் கூப்பிடுகிறார், வெளியே மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கெட்ட வார்த்தையில் கூப்பிடுகிறார். அதற்கு நடுவிலும் நான் கரண்டியை மறக்கவில்லை. கேமராவைப் பார்த்தேன். வாசல் கதவைப் பார்த்து நின்றது. வந்துட்டேன் கரண்டி, அஞ்சு நிமிஷம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மறுபடி. கதவைக் காலால் பிராண்டுவது தெரிந்தது. என்னை எதிர்பார்த்துக் கதவருகிலேயே நிற்கிறதே, புத்திசாலி என்று பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினேன். பெருமையாகக் காட்டினேன்.

ஃபர்ஹானாவிடமிருந்து ஐந்து போன். ஐந்தையும் கட் செய்தேன். வேலை நேரத்தில் புகார் கேட்க எனக்கென்ன தலையெழுத்தா?

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் பூட்டு உடைந்து தொங்குகிறது. கதவின் உட்பக்கம் கீழே முழுக்க ரத்தம். மரத்தைப் பள்ளம் பள்ளமாகத் தோண்டியிருக்கிறது. கதவுக்கு அடியில் இரண்டு நகம் கிடந்தது.

ஃபர்ஹானா வீட்டு ஹாலில், அவளுடைய துப்பட்டாவின்மேல் கரண்டி படுத்திருந்தது. முன்கால் இரண்டிலும் கட்டு. ஆட்டோ வைத்து மாட்டு டாக்டரிடம் அவளே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள்.

நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "எம்பூட்ட ஒடைக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" அதைத்தான் கேட்டேன். இங்கே எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். 'சார்' என்று கூப்பிடுவதெல்லாம் போய்விட்டது. "கதவுச் சந்து வழியாப் பாத்தேன், அது உங்களத் தேடுதுய்யா. கொரல் வூட்டுக்குள்ள இருக்கு, ஆளக் காணோம். கட்டிலுக்கு அடியில பாக்குது, பீரோவுக்குப் பின்னால பாக்குது, எங்கயும் இல்லன்னதும் கதவுக்கு வருது. சரி, வரமாட்டாருன்னு ஓஞ்சு படுக்கும்போது நீங்க திரும்ப வாயத் தொறக்கறீங்க. அது மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது. இன்னிக்கு மட்டும் ஒம்போது தடவ. எண்ணிக்கிட்டு இருந்தேன்."

அப்போதும் கரண்டி என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அதுதான் தாங்கவில்லை. கடித்திருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

கேமராவைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தேன். உடையவில்லை. மறுபடி அடித்தேன். சத்தத்தில் கரண்டி நடுங்கியது. நிறுத்திவிட்டேன்.

லீவு போட்டேன். மருந்து மாற்றும்போது காலை இழுத்துக்கொள்ளாமல் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆதிரை வருவாள். என்ன சொல்வது? கதவில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடலாம்.

ஜூன் 22, ஞாயிறு

அப்படித்தான் சொன்னேன். "கதவுல கால் மாட்டிக்கிச்சுடா."

ஆதிரை எழுந்துபோய்க் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நான் கழுவிவிட்டிருந்தேன், ஆனால் பள்ளத்தைக் கழுவமுடியாதே. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"மாட்டிக்கலப்பா. தோண்டியிருக்கா."

நான் மருந்து டப்பாவை மூடி வைத்தேன்.

"நீ வருவேன்னு தோண்டியிருக்கா" என்றாள். திரும்ப வந்து கரண்டியின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். கோழித் துண்டை ஊதி ஊதி ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே, ஏதோ பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நானும் அப்பிடித்தான் பண்ணேன். நம்ம பழைய வூட்டு லிஃப்ட்ல."

"என்னடா பண்ண?"

"கேட்டத் தொறந்தேன். நடுவுல போகும்போது தொறந்தா நின்னுடும்னு நீதான சொல்லிக் குடுத்த. நின்னதும் திரும்ப மூடிட்டேன். நீ கண்டுபுடிச்சுத் திட்டுவேல்ல, அதான். பட்டன அமுக்கவே இல்ல. அப்புறம்தான் அம்மாவக் கூப்பிட்டுக் கத்தினேன்."

"எதுக்குடா?"

என்னைப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "வூட்ல இருக்கறவங்க கூப்ட்டா நீ அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு சொல்லிக்கிட்டே இருப்ப. மாட்டிக்கிட்டவங்க கூப்ட்டாதான் வருவ."

"வந்தேன்ல? பன்னெண்டு நிமிஷத்துல வந்தேன்லடா?"

"வந்த" என்றாள். "அப்புறம் அண்ணா நகர் போய்ட்ட."

அவள் குரலில் கோபமே இல்லை. என் பெண், என் ரத்தம், எனக்கு வருகிற கோபத்தில் கால்வாசி வந்திருந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் இல்லை. எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அன்று இரவே அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். "அம்மா அழுதாங்க. உன்கிட்டச் சொல்லாதன்னாங்க. சொன்னா உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்னாங்க."

இரண்டு வருடமாக நான் எல்லோரிடமும் இந்துமதியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கோர்ட்டிலும் திட்டினேன். வக்கீலை வைத்துத் திட்டினேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. ஆபீஸ் நம்பர். ஆதிரை கையில் எடுத்து நீட்டினாள். "யாரோ மாட்டிக்கிட்டிருப்பாங்க, போய்ட்டு வாப்பா. நான் கரண்டியப் பாத்துக்கறேன். ஆனா பூட்டாத."

எடுத்தேன். கூட வேலை பார்க்கிற முருகேசனை அனுப்பச் சொன்னேன், நான் வரமாட்டேன் என்றேன். வைத்துவிட்டேன். முருகேசன் இருபத்தைந்து நிமிடத்தில் போனானாம். யாரும் சாகவில்லை. பத்தொன்பது வருடமாக நான் போகாவிட்டால் செத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு பயலும் சாகவில்லை!

மூன்று மணிக்கு இந்துமதி வந்தாள். அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று கீழேவரை இறங்கிப் போனேன். "தண்ணி குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஜூன் 23, திங்கள்

சூப்பர்வைசர் பலராமன் சாரிடம் போய், பிரேக்டவுன் வேண்டாம், மெயின்டனன்ஸ் ரூட் கொடுங்கள் என்றேன். ஒன்பதிலிருந்து ஐந்து, தினமும் நாலு கட்டிடம், எண்ணெய் போட்டு, துடைத்து, ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு வரவேண்டியது. எண்ணெய் போடுகிற வேலை என்று நானே எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"உனக்கா?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சரி, எடுத்துக்கோ. ஒண்ணாந்தேதிலேர்ந்து அயனாவரம், கெல்லீஸ்."

அவ்வளவுதானா சார் என்றேன்.

"வேற என்னய்யா? ரெண்டு வருஷம் முன்னால கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேனே."

வெளியே வந்து வண்டியை ஒரு உதை உதைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அப்போது இந்துமதி இதைத்தான் கேட்டுக் கெஞ்சினாள். கம்பெனியில் தரமாட்டார்கள் என்று சொன்னேன். ஆறு மாதம் சொன்னேன். ஒரு நாள்கூட நான் கேட்கவே இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஃபர்ஹானா வீட்டுக் கதவைத் தட்டினேன். "மன்னிச்சுக்கம்மா. பூட்டு விஷயத்துல, அப்புறம் அந்தப் பஞ்சு விஷயத்துல" என்றேன். "ஒரு சாவி என்கிட்ட குடுங்கண்ணா" என்றாள். "அது அழுதா கதவத் தொறந்து இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கறேன். நானும் தூங்கணும்ல?"

ஊரில் உள்ள லிஃப்ட் கதவுச் சாவியெல்லாம் என் இடுப்பில் தொங்குகிறது. என் வீட்டுச் சாவி இதுவரை இன்னொருத்தரிடம் இருந்ததில்லை. ஸ்ரீநிகேதனில்கூட இந்துமதிக்கென்று தனிச் சாவி கிடையாது, வீட்டுக்கே ஒரே சாவிதான், அதுவும் ஆணியில் மாட்டியிருக்கும். கொடுத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

முப்பது நாள் முடிந்து ரெஜினா அம்மா வந்தார். புது ரூட்டில் முதல் நாள் என்பதால் மத்தியானம் சோறு வைக்க நானும் வீட்டில் இருந்தேன். கரண்டியின் காலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பையிலிருந்து பழைய ஃபாரத்தை எடுத்தார்.

"நாலு மணி நேரம்னு எழுதியிருக்கீங்க."

"பொய்ம்மா. பதினோரு மணி நேரம். இப்ப காலைல நாலு, மத்தியானத்துக்கு மேல நாலு. நடுவுல வர்றேன். எதிர்வீட்ல சாவி இருக்கு."

திட்டினார். நான் திட்டு வாங்குகிற ஆள் இல்லைதான், ஆனால் வாங்கிக்கொண்டேன். கரண்டி எழுந்து நொண்டி நொண்டி வந்து என் காலடியில் உட்கார்ந்தது. அந்த அம்மா அதையும் பார்த்தார். ஃபாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. "இன்னொரு மாசம் பாப்பேன். சொல்லாமதான் வருவேன்" என்றார். வாங்க, எப்ப வேணா வாங்க என்றேன். மனதுக்குள் கொதித்தது.

ஜூலை 4, வெள்ளி

ரூட்டில் இன்று ஸ்ரீநிகேதன். இரண்டு வருடம் கழித்துப் போகிறேன். அதே இரும்புக் கேட். எண்ணெய் போட்டேன். நானும் ஒரு தடவை நடுவில் கேட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நின்றது. கேட்டை மூடினேன், பட்டனை அமுக்கவில்லை. எதிரில் வெறும் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். ஏழு வயதில் ஒரு குழந்தை இதைப் பார்த்துக்கொண்டு, எத்தனை நிமிடம் என்று எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் நின்றுதான் பட்டனை அமுக்கினேன்.

மெஷின் ரூமில் ரிஜிஸ்டர் அதே ஆணியில் தொங்கியது. பின்னால் புரட்டிப் போனேன். மார்ச் மாதம், என் கையெழுத்து. 'கேட் கான்டாக்ட் பழுது. மாற்றப்பட்டது.' அதன்மேல் ஒரு கோடு இழுத்தேன். கட்டிட செக்ரட்டரி பின்னாலேயே வந்து, "இன்னாய்யா, பழைய ரெக்கார்டையெல்லாம் கிறுக்கற? இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நான் பதில் சொல்லணும்" என்று எகிறினார். "தப்பா எழுதினது நான், திருத்தறது நான், உமக்கு என்னய்யா?" என்று நானும் எகிறினேன். அந்தக் கோபம் எங்கே போய்விடும்?

அவர் போனபிறகு பக்கத்தில் எழுதினேன்.

'கான்டாக்டில் பழுது இல்லை. லிஃப்டில் எந்தப் பழுதும் இல்லை. உள்ளே இருந்தவர் கூப்பிட்டார். மெக்கானிக் தாமதமாக வந்தார்.'

வந்த நேரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 4.42 என்று முன்பு பெருமையாக எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டு இன்றைய தேதியைப் போட்டேன். மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது. கரண்டிக்குச் சோறு வைக்கக் கிளம்பினேன்.